அப்பாவின் விரலும் அஞ்சாவது இடமும்

போன டிசம்பரில் ஊருக்குப் போயிருந்தேன். ஊர் என்றால் பாஸ்போர்ட்டில் இருப்பது நாகர்கோவில். ஆனால் எனக்கு விவரம் தெரிந்ததெல்லாம் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையைச் சுற்றித்தான். அப்பா சாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடையில் நாற்பது வருடம் வேலை பார்த்தார். பள்ளிக்கூடம் விட்டால் நேராகக் கடைக்குப் போய் உருளிகளுக்கும் குத்துவிளக்குகளுக்கும் நடுவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். பழவங்காடிப் பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைக்கிற சத்தமும், கோவளம் போகிற பஸ்ஸின் கண்டக்டர் கூவுகிற சத்தமும் இன்றைக்கும் மினியாபொலிஸ் பனியில் நடந்து போகும்போது காதில் கேட்கும். சரி, கொசுவத்தியை அணைத்துவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

விஷயம் செல்போன். இன்னும் சரியாகச் சொன்னால், திரைக்கு அடியிலேயே கைரேகை பார்க்கிற செல்போன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அப்பாவுக்கு நல்லதாக ஒரு போன் வாங்கிக் கொடுத்தேன். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், சொல்லப் போவதில்லை. எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான சமாச்சாரம் இது. பெரிய திரை, பெரிய எழுத்து, பட்டன் எதுவும் கிடையாது. "அப்பா, நம்பர் எதுவும் ஞாபகம் வெச்சுக்க வேண்டாம். விரலை இப்படி வெச்சாப் போதும், தொறந்துரும்" என்று செய்து காட்டினேன். எனக்குத் திறந்தது. தங்கமணிக்குத் திறந்தது. என் பையனுக்கு அவன் சாப்பிட்ட சிப்ஸ் எண்ணெய்யோடேயே திறந்தது. அப்பா வைத்தார், திறக்கவில்லை. மறுபடி வைத்தார். "விரலைச் சற்று அழுத்தி வைக்கவும்" என்றது. அழுத்தினார். "சென்சாரைத் துடைக்கவும்" என்றது. வேட்டியால் துடைத்தார். ஐந்தாவது தடவை, முப்பது நொடி கழித்து முயலுங்கள் என்று சொல்லிவிட்டது.

"இது என்னய ஆளுன்னே ஒத்துக்க மாட்டேங்கு, கேட்டியா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது அது ஜோக்காகத்தான் இருந்தது.

நாற்பது வருடம் புளியும் சாம்பலும் செங்கல் பொடியும் போட்டுப் பித்தளை தேய்த்த கை. கட்டை விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கோடே தெரியாது. கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருக்கும். எப்படியோ பத்து தடவை முயன்று இடது கை மோதிர விரலைப் பதிவு செய்தோம். அது நல்ல நாளில் திறக்கும்.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். (தெரிந்தவர்கள் அடுத்த பத்திக்குப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன் :-)) போனில் கைரேகை என்பது 2013 செப்டம்பரில் ஐபோன் 5எஸ் வந்தபோது பரவலாயிற்று. அதில் ஹோம் பட்டனிலேயே சென்சார். பிறகு திரை பெரிதாகப் பெரிதாகப் பட்டனுக்கு இடம் இல்லாமல் போயிற்று. சென்சார் முதுகுக்குப் போனது, பக்கவாட்டுக்குப் போனது, கடைசியில் திரைக்கு அடியிலேயே போய் ஒளிந்துகொண்டது. 2018 ஜனவரியில் விவோ எக்ஸ்20 பிளஸ் யூடி என்ற போன்தான் அப்படிக் கடைக்கு வந்த முதல் போன். அதில் இருந்தது ஒளி முறை. விரல் வைக்கிற இடத்தில் ஓஎல்இடி திரை பளிச்சென்று எரியும். அந்த வெளிச்சம் விரலில் பட்டுத் திரும்பி, திரையின் புள்ளிகளுக்கு நடுவில் இருக்கிற இடுக்கு வழியாகக் கீழே வரும். அங்கே குட்டிக் கேமரா மாதிரி ஒன்று அதைப் படம் பிடிக்கும். 2019-ல் சாம்சங் கேலக்ஸி எஸ்10-ல் வந்தது இன்னொரு முறை. அதில் வெளிச்சத்துக்குப் பதில் காதுக்குக் கேட்காத ஒலி அலை. ரேகையின் மேடு கண்ணாடியைத் தொடுகிற இடத்தில் ஒலி கொஞ்சம் உள்ளே போய்விடும். பள்ளத்தில் காற்று இருப்பதால் ஒலி திரும்பி வரும். அதை வைத்து மேடு பள்ளம் வரைபடம் போட்டுக்கொள்ளும். ஈர விரலுக்கு இது கொஞ்சம் தேவலை.

எந்த முறையானாலும் அடிப்படை ஒன்றுதான். மேடும் பள்ளமும் இருக்க வேண்டும். மேடு தேய்ந்து போனவனுக்கு ஒளியும் உதவாது, ஒலியும் உதவாது. தோல் காய்ந்திருந்தால் கண்ணாடியோடு சரியாக ஒட்டாது, படம் மங்கலாகிவிடும். இதை நான் மினசோட்டா ஜனவரியில் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். மைனஸ் இருபதில் கையுறையைக் கழற்றி விரலை வைத்தால் என் போனுக்கு என்னையே தெரியாது. ஆனால் எனக்கு அது இரண்டு மாதத் தொல்லை, க்ரீம் தடவினால் சரியாகிவிடும். அப்பாவுக்கு வருடம் பன்னிரண்டு மாதமும் ஜனவரிதான்.

நான் ஆபீசில் பிடுங்குகிற ஆணி டெஸ்டிங். ஒரு சாமான் நூறு பேர் கையில் வேலை செய்தால் அது எனக்குச் செய்தி இல்லை, நூற்றியோராவது ஆள் கையில் ஏன் உடைந்தது என்பதுதான் என் சம்பளம். ஐபோனில் விரல் வந்தபோது, வேறொருவர் விரலுக்குத் தவறிப்போய்த் திறக்கும் வாய்ப்பு 50,000-ல் ஒன்று என்று ஆப்பிள் சொன்னது. சரியான ஆள் வெளியே நிற்கும் வாய்ப்பு எத்தனையில் ஒன்று, அதிலும் எழுபது தாண்டிய, கையால் உழைத்த ஆளுக்கு எத்தனையில் ஒன்று என்று எந்த விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை. திருடனை வெளியே நிறுத்துவது மட்டும்தான் பூட்டின் வேலையா? வீட்டுக்காரனை உள்ளே விடுவதும் அதன் வேலைதானே?

கைரேகைக்கும் நம் நாட்டுக்கும் பழைய உறவு உண்டு என்பது பலருக்குத் தெரிந்திருக்காது. 1858-ல் வங்காளத்தில் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, சாலைபோட ஜல்லி சப்ளை செய்ய வந்த ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையை மையில் தோய்த்து ஒப்பந்தத்தின் பின்னால் பதிய வைத்தார். பின்னால் "இது என் கையெழுத்து இல்லை" என்று சொல்லிவிடக் கூடாதே என்பதற்காக. 1877-ல் அதே ஹெர்ஷல் ஹூக்ளியில் பென்ஷன்காரர்களிடம் விரல் ரேகை வாங்கினார். ஆள் செத்த பிறகும் சொந்தக்காரர்கள் வந்து பென்ஷன் வாங்கிப் போகிறார்கள் என்று சந்தேகம். 1897-ல் கல்கத்தாவில் உலகத்தின் முதல் கைரேகைப் பிரிவு தொடங்கியது. ரேகைகளை வகை பிரிக்கும் கணக்கைப் போட்டதில் அஜீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய சப் இன்ஸ்பெக்டர்களுக்குப் பெரிய பங்கு. பெயர் மட்டும் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்குப் போயிற்று. (ஆணி பிடுங்கும் உலகில் இது 1897-லேயே இருந்திருக்கிறது, மக்களே!)

ஆக, விரல் ரேகையின் ஆரம்பமே "நீ உண்மையைச் சொல்லுகிறாயா" என்ற சந்தேகம். அந்தச் சந்தேகம் இன்றைக்கும் தொடர்கிறது. மத்திய அரசின் ஜீவன் பிரமாண் 2014 நவம்பரில் வந்தது. உயிரோடு இருக்கிறேன் என்று பென்ஷன்காரர் விரலை வைத்து நிரூபிக்கிற ஏற்பாடு அது. கேரளாவில் நல ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கு மஸ்டரிங் என்று ஒன்று இருக்கிறது. அப்பா அதற்காக ஒரு கம்ப்யூட்டர் மையத்துக்குப் போனார். பத்து விரலையும் வைத்தும் மெஷின் தலையாட்டவில்லை. அங்கே இருந்த பெண் நல்ல பெண். "அப்பூப்பா, பேடிக்கண்டா" என்று சொல்லி, கண்ணின் கருவிழியைப் படமெடுக்கிற மெஷினைக் கொண்டு வந்து காரியத்தை முடித்துக் கொடுத்தாளாம். அப்பா போனில் என்னிடம் சொன்னது: "விரலு செத்துப் போச்சு, கண்ணு உசிரோட இருக்காம்."

அந்த மையத்தில் இரண்டாவது வழி ஒன்று இருந்தது. அதை எடுத்துக் கொடுக்க ஒரு மனுஷியும் இருந்தாள். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதே அந்த இரண்டாவது வழியைப் பற்றித்தான்.

வெளிநாட்டில் இருக்கிற நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. 2004 ஜனவரியில் இருந்து அமெரிக்க விமான நிலையங்களில் வெளிநாட்டுக்காரர்களிடம் இரண்டு விரல் ரேகை எடுத்தார்கள். 2007 கடைசியில் அது பத்து விரலாக மாறத் தொடங்கியது. சிங்கப்பூரில் புற்றுநோய்க்கு கேபசைடபின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த 62 வயதுக்காரர் ஒருவர் 2008 டிசம்பரில் சொந்தக்காரர்களைப் பார்க்க அமெரிக்கா வந்தார். அந்த மருந்தால் விரல் தோல் உரிந்து ரேகையே இல்லை. இமிக்ரேஷனில் நான்கு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். அவருடைய மருத்துவர் 2009-ல் ஒரு மருத்துவ இதழில் இதை எழுதி, இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பயணம் போகும்போது டாக்டர் கடிதம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார். உங்கள் வீட்டில் யாராவது அந்த மருந்தில் இருந்தால் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் கதையின் சீரியஸான பகுதி.

போன ஜூனில், மழைக்காலத்தில், அப்பா கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறார். நடைபாதையில் பாசி வழுக்கி விழுந்துவிட்டார். நெற்றியில் அடி. மயக்கம் இல்லை, ஆனால் தலை சுற்றல், பேச்சுக் குழறல். பக்கத்தில் இருந்தவர்கள் நல்லவர்கள், உடனே தூக்கி உட்கார வைத்தார்கள். ஒருவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, வீட்டுக்குச் சொல்லலாம் என்று அப்பாவின் விரலை வைத்துப் பார்த்திருக்கிறார். மழையில் நனைந்த, தேய்ந்த விரல். திறக்கவில்லை. வேறு விரல். திறக்கவில்லை. பின் நம்பர் கேட்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. பூட்டிய திரையிலேயே அவசரத் தொடர்பு என்று ஒன்றை வைத்துக்கொள்ளலாம். நான் அதைப் போட்டு வைக்கவில்லை. டெஸ்டிங் ஆசாமி, நான்தான் போடவில்லை.

நாற்பது நிமிஷம். கடைசியில் என்ன நடந்தது தெரியுமா? அங்கே லாட்டரிச் சீட்டு விற்கிற ஒரு பெரியவர் கூட்டத்தை விலக்கிப் பார்த்து, "இது நம்ம பாத்ரக்கடை அண்ணாச்சியல்லே" என்று சொல்லி, ரோட்டைக் கடந்து சாலைக்குள் ஓடி, பழைய கடை முதலாளியின் மகனைக் கூட்டி வந்திருக்கிறார். ஆஸ்பத்திரி, ஐந்து தையல், ஸ்கேன். கடவுள் புண்ணியத்தில் வேறு ஒன்றும் இல்லை. எனக்கு விஷயம் தெரிந்தபோது மினியாபொலிஸில் மதியம். எட்டாயிரம் மைலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் செய்ய ஒன்றும் இல்லை. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து நான் வாங்கிய சாமானுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. சீட்டு விற்கிறவருக்குத் தெரிந்தது.

டிசம்பரில் போனபோது அப்பாவின் போனை எடுத்து செட்டிங்ஸ் பார்த்தேன். பெரும்பாலான போன்களில் ஐந்து விரல் வரை பதியலாம். அப்பாவின் போனில் நான்கு விரல் பதிவாகியிருந்தது. ஒன்று அவருடைய மோதிர விரல். மற்ற மூன்று?

"ஒண்ணு பக்கத்து வீட்டுச் சேச்சியோடது. ஒண்ணு அவ மவனோடது. இன்னொண்ணு கடையில மொதலாளி மவன்" என்றார் அலட்டிக்கொள்ளாமல். விழுந்து எழுந்த மறுவாரமே பையனைக் கூப்பிட்டுப் பதிய வைத்திருக்கிறார்.

எனக்கு வந்ததே கோபம். "என்னப்பா இது? பேங்க் ஆப் எல்லாம் இதே விரல்லதான் தொறக்கும், தெரியுமா? யார் வேணும்னாலும் பணத்தை எடுக்கலாமே!" என்று ஒரு மணி நேரம் லெக்சர் கொடுத்தேன். அப்பா பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே கேள்வி கேட்டார்.

"லேய், வீட்டுச் சாவி இருவது வருசமா சேச்சி வீட்டு ஆணியிலதாம் தொங்குது. நீ ஒரு நாளாவது வேண்டாம்னியா? உள்ள ஒங்கம்மையோட நக இருந்த காலத்துலயும் அங்கதாம் தொங்கிச்சு. இந்த டப்பாவுக்கு மட்டும் என்னல?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று ராத்திரி முழுக்க யோசித்தேன். ஜெட்லேக் வேறு.

அப்பா சொன்னதில் பாதி சரி, நான் சொன்னதில் பாதி சரி என்றுதான் இப்போது தோன்றுகிறது.

என் பாதியை முதலில் சொல்கிறேன். விரல் ரேகை ரகசியம் இல்லை. நாம் தொடுகிற டம்ளரிலும் கதவிலும் அதை விட்டுவிட்டு வருகிறோம். 2013-ல் ஐபோன் வந்த சில நாளிலேயே ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் ஆட்கள் கண்ணாடியில் பதிந்த ரேகையிலிருந்து பொய் விரல் செய்து திறந்து காட்டினார்கள். 2018-ல் தெலங்கானாவில் நிலப் பத்திரங்களில் இருந்த ரேகையை எடுத்துப் போலி விரல் செய்து சிம் கார்டு ஆக்டிவேட் செய்த ஒருவரைப் பிடித்தார்கள். பாஸ்வேர்டு திருட்டுப் போனால் மாற்றிக்கொள்ளலாம், விரலை மாற்ற முடியாது. சென்சாரே ஏமாறுவதும் உண்டு. 2019 அக்டோபரில் கேலக்ஸி எஸ்10-ல் ஒரு சிலிகான் உறையைப் போட்டதும் யார் விரலுக்கும் திறக்கிறது என்று பிரிட்டனில் ஒரு பெண்மணி கண்டுபிடித்தார். கொரியாவில் ஒரு வங்கி, சரியாகும் வரை விரலை அணைத்து வையுங்கள் என்றது. பிறகு சாம்சங் மென்பொருளைத் திருத்தியது. 2005-ல் மலேசியாவில் விரல் வைத்து ஸ்டார்ட் செய்கிற காரைத் திருடியவர்கள் உரிமையாளரின் விரலையே வெட்டிக்கொண்டு போனார்கள். 2018-ல் ஃப்ளோரிடாவில் போலீசார் இறந்தவர் ஒருவரின் விரலை வைத்து அவருடைய போனைத் திறக்கப் பார்த்தார்கள், திறக்கவில்லை. நம் சினிமாவில் செத்துப்போன பெரியவர் கட்டை விரலில் மை தடவிப் பத்திரத்தில் ஒற்றுகிற வில்லனைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். சொத்துக்காகத் தூங்குகிற அப்பா விரலை எடுத்து வைக்கிற பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. ஆகவே பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

அப்பாவின் பாதி என்ன? பூட்டு என்பது நம்பிக்கையான நாலு பேருக்கு நடுவில் இருக்கிற ஏற்பாடு. கிழக்கேகோட்டையில் நிற்கும்போது இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பத்மநாபசுவாமி கோயில் நிலவறைகளை உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2011-ல் திறந்தார்கள். உலகமே வாயைப் பிளந்தது. 'பி' நிலவறையைத் திறக்கலாமா வேண்டாமா என்பதை 2020 ஜூலைத் தீர்ப்பில் நீதிமன்றம் கமிட்டியிடமே விட்டுவிட்டது. அவ்வளவு பெரிய பொக்கிஷத்துக்கே ஒரு தனி ஆளின் விரலை யாரும் சாவியாக வைக்கவில்லை. கோர்ட், கமிட்டி, தந்திரி, அரச குடும்பம் என்று பல பேர் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ஒருவர் இல்லாவிட்டாலும் விஷயம் நடக்க வேண்டும், ஒருவர் மட்டும் நினைத்தால் நடக்கக் கூடாது. எந்தப் பூட்டுக்கும் இதுதான் நல்ல விதி. போன் கம்பெனிக்காரர்கள் விற்கிற விதி வேறு: "உங்கள் விரல், உங்களுக்கு மட்டும்." முப்பது வயசுக்காரனுக்கு அது சரி. தனியாக இருக்கிற எழுபத்தாறு வயசுக்காரருக்கு "உங்களுக்கு மட்டும்" என்பது ஆபத்து.

அதனால் என் கருத்து இதுதான். விரல் ஒரு வசதி. இருந்தால் நல்லது. அதை ஒரே வாசலாக எங்கும் வைக்கக் கூடாது. ரேஷனுக்கும் பென்ஷனுக்கும் விரல் கேட்கிற அரசாங்கம், விரல் இல்லாதவனுக்குக் கண்ணோ முகமோ ஒரு ஆளின் கையெழுத்தோ, இரண்டாவது வழியைக் கவுண்டரிலேயே வைத்திருக்க வேண்டும். சலுகை மாதிரி அல்லாமல், உரிமையாக. ஜீவன் பிரமாணுக்கு 2021 நவம்பரில் முகத்தைக் காட்டினால் போதும் என்ற வசதி வந்தது, நல்ல விஷயம். 2025 அக்டோபரில் யுபிஐயில் பின் நம்பருக்குப் பதில் போனின் விரல், முகம் வைத்தே பணம் அனுப்பும் வசதி வந்தது. வந்தவுடன் அப்பாக்களின் போனில் அதைப் போட்டுவிடத் துடிக்கிற நம்மைப் போன்ற பிள்ளைகளுக்குத்தான் இதை எழுதுகிறேன். நாம் பரிசு வாங்கும்போது நம் விரலை வைத்து வாங்குகிறோம். கீபோர்டு தவிர வேறெதையும் தேய்க்காத விரல் அது.

சரி, நான் என்ன செய்தேன்? அப்பாவோடு உட்கார்ந்து ஒரு உடன்பாடு.

சேச்சி, அவர் மகன், கடைப் பையன் மூவர் விரலும் அப்படியே இருக்கட்டும். ஆனால் பேங்க் ஆப்பிலும் யுபிஐயிலும் விரலை அணைத்துவிட்டேன். அதற்குத் தனி நம்பர். அதை அப்பாவே தேர்ந்தெடுத்தார், எனக்கும் சொல்லவில்லை! ஒரு உறையில் எழுதி ஒட்டி எங்கேயோ வைத்திருக்கிறார். பூட்டிய திரையில் தெரிகிற மாதிரி ரத்த வகை, மருந்து, அவசரத் தொடர்பு மூன்று பேர் பெயர் போட்டேன். முதல் பெயர் என்னுடையது இல்லை, சேச்சியுடையது. சட்டைப் பையில் ஒரு காகிதச் சீட்டும் இருக்கிறது, லேமினேட் செய்தது. அதற்குச் சார்ஜ் வேண்டாம். ஆதாரில் கைரேகையைப் பூட்டி வைக்கிற வசதி இருக்கிறது, அதையும் போட்டாயிற்று. வேண்டும்போது திறந்துகொள்ளலாம். பேங்கில் நாமினி பெயரைச் சரிபார்த்தோம். 2025 நவம்பரிலிருந்து நான்கு பேர் வரை போடலாம். அடுத்த போன் வாங்கும்போது பக்கவாட்டில் பட்டன் சென்சார் உள்ளதாக, கடையிலேயே அப்பாவின் விரலை வைத்துப் பார்த்துத்தான் வாங்குவது என்றும் முடிவு.

எல்லாம் முடிந்ததும் அப்பா போனை நீட்டினார். "அஞ்சாவது எடம் காலியாட்டு கெடக்கு. ஒன் வெரல வையி."

"நான் எங்கப்பா இங்க இருக்கப் போறேன்? என் விரலை வெச்சு என்ன பிரயோஜனம்?" என்றேன்.

"பிரயோஜனம் கெடக்கட்டும். வையி."

வைத்தேன். முதல் தடவையே எடுத்துக்கொண்டது. எந்தப் பாத்திரமும் தேய்க்காத விரல், கோடு கோடாகத் தெளிவாக இருக்கிறது. அப்பா அதற்குப் பெயர் கொடுக்கச் சொன்னார். மற்ற மூன்றுக்கும் சேச்சியின் மகன் பெயர் போட்டு வைத்திருந்தான். என்னுடையதற்கு 'மகன்' என்று தட்டினேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் விமானம். இங்கே வந்து இறங்கியபோது வழக்கம் போல விரலை வைக்கச் சொன்னார்கள். வைத்தேன், உள்ளே விட்டார்கள்.

ஊரில் வயசான அப்பா அம்மாவை வைத்துவிட்டு இங்கே வந்திருக்கிறவர்கள் இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். அடுத்த தடவை போன் பேசும்போது, "சாப்பிட்டாச்சா, மழை பெய்யுதா"வுக்கு நடுவில், "உங்க போனை அவசரத்துக்கு யார் திறப்பாங்க?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்கிற பெயர் உங்கள் பெயராக இருக்காது. வருத்தப்படாதீர்கள். அந்த ஆளின் நம்பரை வாங்கி உங்கள் போனில் பதிந்துகொண்டு, ஒரு தடவை கூப்பிட்டு நன்றி சொல்லுங்கள். நான் இன்னும் அந்த லாட்டரிப் பெரியவருக்குச் சொல்லவில்லை. டிசம்பரில் இரண்டு நாள் கிழக்கேகோட்டையில் தேடினேன், கண்ணில் படவில்லை. அடுத்த தடவை முதல் வேலை அதுதான்.